பட்டா யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: என் மகன் இன்ஜினீயர். ஆறு மாதமாகத் தஞ்சாவூரில் ஒரு 'வாழ்க்கை வழிகாட்டி'யின் கூட்டத்துக்குப் போகிறான். சம்பளத்தில் பாதி அங்கேதான் போகிறது. ஏதாவது கேட்டால், "அங்க வர்ற அத்தனை பேரும் முட்டாளாம்மா?" என்கிறான். படித்த பிள்ளை எப்படி இப்படி ஆனான்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, நானும் பி.எஸ்சி. கணக்கு படித்தவன்தான். 90-களில் குடவாசல் பக்கம் எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். கதர்ச் சட்டை, வெண்கலக் குரல். தேக்குக் கன்றுக்கு 5,000 ரூபாய் கட்டினால் 20 வருஷத்தில் லட்சக்கணக்கில் வரும் என்றார். கல்யாண மண்டபத்தில் கூட்டம், கேசரி, காபி. ஒரு தடவை பேர் கேட்டால் மறக்கமாட்டார்; அதிலேயே பாதிப் பேர் விழுந்தோம். குறுவை அறுத்த காசு கையில் இருந்த நேரம் வேறு.

என் மாமா மட்டும் எழுந்து, "அந்த நிலத்துப் பட்டா யார் பேர்ல இருக்கு?" என்றார். வந்தவர் கோபப்படவில்லை. "ஐயாவுக்கு மட்டும் நம்ம மேல நம்பிக்கை இல்ல போல" என்று சிரித்தார். மண்டபமே சிரித்தது. நானும்தான். மறுநாள் பணம் கட்டினேன்.

ஆள் காணாமல் போன பிறகு டீக்கடையில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: "எனக்கு அப்பவே சந்தேகம்தான்." அத்தனை பேருக்கும் சந்தேகம், பக்கத்தில் இருப்பவனுக்கு இல்லை என்று நினைத்து அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்!

அதனால் மகனிடம் அந்த மனிதரைத் திட்டாதீர்கள். திட்டத் திட்ட அவன் அவருக்கு வக்கீலாகிவிடுவான். "அங்கே கணக்கு யார் பார்க்கிறார்கள்? விலகிப் போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?" என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதை மட்டும் எந்தச் சண்டையிலும் நிறுத்தாதீர்கள். வெளியே வர நினைக்கும் அன்று போக ஒரு வீடு வேண்டும்.

கேள்வி: ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒருத்தர் எதிர்த்துக் கேட்டு என்ன ஆகப்போகிறது?
- வாசகர், திருவாரூர்

பதில்: 1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். முதலில் ஒரு கோட்டைக் காட்டுவார்கள்; பிறகு காட்டும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஏற்பாட்டு ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். மாட்டிக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

எப்போதும் அது போதுமா? போதாது. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்க நாடான கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற மதத் தலைவர் தன் கூட்டத்தாரை விஷம் குடிக்கச் சொன்னார். கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து, குழந்தைகள் வாழ வேண்டும் என்று வாதாடினார். ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அவர் பேச்சை அடக்கியது கூட்டம். அன்று செத்தவர்கள் 900-க்கும் மேல், சுமார் 300 பேர் குழந்தைகள். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல் இருந்தது, உண்மைதான்.

எங்கள் மண்டபத்தில் துப்பாக்கி ஏதும் இல்லை. கேசரிதான் இருந்தது. மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.