மரத்தரை எஸ்டிமேட்டில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன பொருள்?

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் கூடத்தில் ஓக் மரத்தரை இருக்கிறது. நடுவில் நிறம் மங்கிவிட்டது. சமையலறைப் பக்கம் பலகைகளின் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்கினோம். ஒருவர் 'ஃபுல் சாண்டிங், ஸ்டெயின், மூன்று கோட் பாலி' என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் 'ஸ்க்ரீன் அண்ட் ரீகோட் போதும், கப்பிங் இருக்கிற இடத்தில் சில பலகைகளை லேஸ்-இன் செய்ய வேண்டும்' என்கிறார். மரத்தரை இல்லாத பக்கத்து அறைக்கு 'எஞ்சினியர்ட், ஃப்ளோட்டிங்' போடலாம் என்று இருவருமே சொல்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்குச் சம்மதிப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் சம்மதிக்க வேண்டாம். அவசரப்பட்டால் நல்ல தரையைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

இந்தத் தொழிலின் வார்த்தைகள் பார்க்கத்தான் ஏராளம். பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றி வருகின்றன: மரத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, தேய்ப்பதற்கு மேலே இன்னும் எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது. உங்கள் இரண்டு எஸ்டிமேட்டிலும் இவை இரண்டைப் பற்றியும் ஓர் எண்கூட இல்லை. அதைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

ஈரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பலகையின் ஓரங்கள் உயர்ந்து நடு பள்ளமாவதைத்தான் 'கப்பிங்' என்கிறார்கள். விரல் நகத்தைப் பலகைகளுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் ஓட்டுக்கூரை போல வரிவரியாகத் தெரியும். பலகையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் அதிக ஈரத்தைக் குடித்து உப்பிவிட்டது என்பதே இதன் பொருள். சமையலறைப் பக்கம் மட்டும் இப்படி இருக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாய்க் கசிவு, இல்லையென்றால் தரைக்கு அடியில் தேங்கும் ஈரம்.

ஆகவே பலகையை மாற்றுவதற்கு முன், தேய்ப்பதற்கு முன், கசிவைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். அப்புறம் காத்திருங்கள். கப்பிங் ஆன தரை காய்ந்தால், பல வேளைகளில் பெருமளவுக்குத் தானே சமனாகிவிடும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரமானியில் அந்த இடத்துப் பலகையும் அதே கூடத்தில் நன்றாக இருக்கும் பலகையும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். அதுவரை தேய்க்கும் எந்திரம் வீட்டுக்குள் வரக்கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஓரம் தூக்கிய தரையை, வீட்டுக்காரரின் அவசரத்துக்காக, காயும் முன்பே தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தேன். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில மாதங்களில் அடிப்பக்கம் காய்ந்து பலகைகள் பழைய நிலைக்குத் திரும்பின. தூக்கி நின்ற ஓரங்களை நான் ஏற்கெனவே தேய்த்துக் குறைத்திருந்தேன் அல்லவா? ஓரம் தாழ்ந்து நடு புடைத்துக்கொண்டது. இதற்குப் பெயர் 'கிரவுனிங்'. மறுபடியும் முழுத் தரையையும் தேய்க்க வேண்டியதாயிற்று. இரண்டு முறை தேய்த்ததில் அந்த மரம் இழந்த ஆயுளை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஈரம் இன்னும் முற்றினால் வருவது 'பக்லிங்'. பலகைகள் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, அடித்தளத்தை விட்டே கூடாரம் போல எழும்பிவிடும். உங்கள் வீட்டில் அந்த நிலை இல்லை.

மரம் ஏன் இப்படி அசைகிறது என்று கேட்கலாம். மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். எவ்வளவு என்பது அறுத்த விதத்தைப் பொறுத்தது. 'பிளெயின் சான்' என்றால் ஆண்டு வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த பலகை. மேலே மலைமுகடு போன்ற ரேகைகள் தெரியும். 'குவார்ட்டர் சான்' என்றால் வளையங்களுக்குக் குறுக்கே அறுத்தது. ரேகைகள் நேர்கோடாக ஓடும். 100 மி.மீ. அகலமுள்ள சிவப்பு ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதம் ஏறினால், பிளெயின் சான் சுமார் 1.5 மி.மீ. விரியும், குவார்ட்டர் சான் 0.6 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஒரு பலகைக்கு இவ்வளவு என்றால் அறை முழுக்கப் பெருக்கிப் பாருங்கள். குவார்ட்டர் சான் பலகைக்கு விலை கூடுதலாக இருப்பது ரேகை அழகுக்காக மட்டும் இல்லை.

சரி, இரண்டாவது விஷயம்: மிச்சம் இருக்கும் மரம். கதவடியில் இருக்கும் பட்டையையோ சுவரோர ஸ்கர்ட்டிங்கையோ ஓரிடத்தில் கழற்றச் சொல்லுங்கள். பலகையின் வெட்டுமுகம் தெரியும். முழுமரப் பலகை புதிதில் பொதுவாக 18 முதல் 20 மி.மீ. கனம் இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு புறம் நாக்கு, மறுபுறம் காடி. இந்த நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் நுழைவதுதான் 'டங் அண்ட் குரூவ்' இணைப்பு. நாக்குக்கு மேலே இருக்கும் மரம் மட்டும்தான் தேய்ப்பதற்கு உள்ள சேமிப்பு. புதுப் பலகையில் அது சுமார் 6 மி.மீ. இருக்கும். ஒரு முழுச் சாண்டிங் அதில் அரை முதல் ஒரு மி.மீ. வரை தின்றுவிடும். வெட்டுமுகத்தில் இரண்டு மி.மீ.தான் மிச்சம் என்று தெரிந்தால் முழுச் சாண்டிங்கை நினைக்கவே வேண்டாம். காடியின் மேலுதடு மெலிந்து பிளந்துவிடும், உள்ளே அடித்த ஆணியின் தலையும் வெளியே வரலாம். இந்த அளவைப் பார்க்காமல் 'ஃபுல் சாண்டிங்' என்று எழுதிக் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன்.

இப்போது இரண்டு எஸ்டிமேட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வரலாம். 'ஃபுல் சாண்டிங்' என்றால் பழைய மேற்பூச்சை முழுக்க உரித்து வெறும் மரம் தெரியும்வரை தேய்ப்பது. 36 அல்லது 40 எண் உப்புத்தாளில் தொடங்கி, 60, 80, 100 என்று ஏறிக்கொண்டே போவார்கள். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். நடுத்தரைக்கு டிரம் எந்திரம், சுவரோரத்துக்கு எட்ஜர். டிரம்மை ஓடவிட்டபடி ஓரிடத்தில் நிறுத்தினால் குழி விழும். ஆதலால் அதை இயக்கும் கையின் பழக்கம் முக்கியம். 'ஸ்க்ரீன் அண்ட் ரீகோட்' என்பது மரத்தைத் தொடாத வேலை. பழைய பூச்சின் மேற்பரப்பை மட்டும் லேசாகச் சுரண்டி, புதுப்பூச்சு பிடித்துக்கொள்ளும்படி செய்து, மேலே ஒரு கோட் அடிப்பது. மரம் குறையாது, செலவும் நாளும் குறைவு. ஆனால் பழைய பூச்சு உயிரோடு இருந்தால்தான் இது பலிக்கும்.

அது இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மங்கிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடம் முத்தாகவே நின்றால் பூச்சு இருக்கிறது. மரம் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சு தேய்ந்துபோய்விட்டது; அங்கே ரீகோட் அடித்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதுபோல் ஆகும். பலகை சாம்பல் நிறமாகியிருந்தாலும் முழுச் சாண்டிங்தான் வழி. இன்னொரு சோதனையும் வேண்டும். பழைய தரைகளில் மெழுகு போட்டிருப்பார்கள். மெழுகின் மேல் எந்தப் புதுப்பூச்சும் ஒட்டாது, தோலாக உரிந்து வரும். ஒரு மூலையில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் (பெயின்டை இளக்கும் கரைப்பான்) நனைத்துத் தேயுங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ ஏறினால் மெழுகு இருக்கிறது என்று பொருள். ரீகோட் சொன்னவரிடம் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள்.

'ஸ்டெயின்' வெறும் நிறம், பாதுகாப்பு தராது. ஓக் மரத்தின் இயல்பான நிறமே பிடித்திருந்தால் ஸ்டெயினை விட்டுவிடுங்கள். பின்னால் ஒரு பலகையை மாற்றினாலும் நிறம் பொருத்துவது எளிது. 'பாலி' என்பது பாலியுரீத்தேன். இதில் எண்ணெய் சார்ந்தது, நீர் சார்ந்தது என்று இரண்டு உண்டு. எஸ்டிமேட்டில் எது என்று எழுதவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் வகை தேன்நிறம் கொடுக்கும், நாளாக ஆக இன்னும் மஞ்சளாகும், வாடையும் கடுமையாக இருக்கும். நீர் வகை நிறம் மாறாமல் தெளிவாக இருக்கும், சில மணி நேரத்தில் காயும். 'ஹார்ட்வாக்ஸ் ஆயில்' வேறு வழி: மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் ஊறும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், ஆனால் அவ்வப்போது மறுபடி எண்ணெய் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காய்வது வேறு, இறுகுவது வேறு. கையில் ஒட்டாமல் இருந்தால் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 'க்யூர்' என்று எழுதியிருப்பதுதான் முழுக்க இறுகும் காலம். நீர் வகைக்கு ஒரு வாரத்திலிருந்து சில வாரங்கள், எண்ணெய் வகைக்கு ஏறக்குறைய 30 நாட்கள். அதற்குள் கம்பளம் விரித்தால் அதன் அடியில் பூச்சு சரியாக இறுகாமல் அச்சு விழும்.

'லேஸ்-இன்' நல்ல வார்த்தை, நல்ல வேலை. கெட்டுப்போன பகுதியைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போடாமல், பழைய பலகைகளை வெவ்வேறு நீளத்தில் எடுத்துவிட்டு, புதியவற்றை அவற்றுக்கிடையே விரல்கள் கோத்தாற்போல் செருகுவது. சரியாகச் செய்தால் எங்கே மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் புதுப் பலகைக்கு மேலே பூச்சும் நிறமும் பொருந்த வேண்டும் என்றால் அந்தப் பகுதியைத் தேய்த்தே ஆக வேண்டும். எனவே 'லேஸ்-இன்' செய்துவிட்டுக் கூடம் முழுக்க வெறும் ஸ்க்ரீன் என்று அவர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நானாக இருந்தால் கசிவை நிறுத்தி, காயவிட்டு, அதன் பிறகும் நேராகாத பலகைகளை மட்டும் மாற்றி, வெட்டுமுகத்தில் போதிய மரம் இருந்தால் ஒரே ஒரு முழுச் சாண்டிங் செய்வேன்.

பக்கத்து அறைக்கு வருவோம். 'எஞ்சினியர்ட்' என்பது போலி மரம் இல்லை. மேலே உண்மையான மரத்தாள், கீழே குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய பிளைவுட் அடுக்கு. அதனால் ஈரத்துக்குக் குறைவாகவே அசையும், கான்கிரீட் தரைக்கு ஏற்றது. மேல்மரத்தின் கனத்தை 'வேர் லேயர்' என்பார்கள். அது 0.6 மி.மீ.யிலும் கிடைக்கிறது, 6 மி.மீ.யிலும் கிடைக்கிறது. 2 மி.மீ.க்குக் குறைந்தால் பின்னாளில் முழுச் சாண்டிங் செய்ய முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் வேறு, அதில் மேலே இருப்பது மரத்தின் படம் அச்சிட்ட தாள், தேய்க்கவே முடியாது.

'ஃப்ளோட்டிங்' என்றால் பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தரையோடு ஆணியோ பசையோ கிடையாது. தரை முழுவதும் ஒரே பாயாக விரியும், சுருங்கும். ஆகவே சுவரோரம் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும், பொதுவாக 10 முதல் 15 மி.மீ.; ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அந்தத் தரைமேல் சுவரோடு பொருத்திய கனமான அலமாரிகளை ஏற்றக்கூடாது, ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் மறுபக்கம் எழும்பும்.

அடித்தளம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துக் காட்டினால் அதில் திருப்தி அடையாதீர்கள். தரை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தாலும் மரத்தரைக்குப் பாதகமில்லை, மேடுபள்ளம்தான் ஆகாது. நேரான நீளச் சட்டத்தைத் தரையில் பல திசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 10 அடியில் சுமார் 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் நடக்கும்போது அந்த இடம் மெத்தென்று அமுங்கும், பூட்டுகள் உடையும்.

'அக்ளிமேஷன்' என்றால் பலகையை அந்த வீட்டுக் காற்றுக்குப் பழக்குவது. மூன்று நாள் வைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாள் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுமரப் பலகையை மர அடித்தளத்தின் மேல் போடும்போது இரண்டின் ஈரமும் அருகருகே வர வேண்டும்: 3 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள பலகைக்கு வித்தியாசம் 2 சதவீதத்துக்குள், குறுகலான பலகைக்கு 4 சதவீதத்துக்குள். எஞ்சினியர்ட் பலகைக்குப் பெட்டியில் தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எண்ணெய் அல்லது ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், காயும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் அது தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்த மாலையில் வந்தவர்கள் துணிகளை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தண்ணீர் நிரம்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்திருக்க வேண்டும். சாண்டிங் தூள் நிறைந்த பையும் அப்படித்தான், இரவில் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. பழைய வீடு என்பதால், தரையிலோ ஸ்கர்ட்டிங்கிலோ பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் உண்டா என்று சோதித்த பிறகே எந்திரத்தை ஓட்டச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள்.