ஒரு பவுண்டு குறைத்த விலை

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்துக்காரர் ஜிம்மி கிரீவ்ஸைத் தலைமேல் வைத்து ஆடுகிறீர்கள். பிரீமியர் லீக் கோல் பட்டியலில் அவர் பெயரே இல்லையே? இன்றைய விலையில் எத்தனை கோடிக்குப் போவார்?

பதில்: எப்படி இருக்கும்? பட்டியல் 1992-ல் தொடங்குகிறது. மனிதர் 1971-லேயே, 31 வயதில், லீக் ஆட்டத்தை விட்டுவிட்டார். மாடி கட்டியவுடன் கீழ்வீட்டுத் தாத்தாவை ரேஷன் கார்டிலிருந்து அடித்துவிடும் கணக்கு இது. அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஆலன் ஷியரரின் 260 கோலைத் தூக்கத்திலும் ஒப்பிக்கும் நம் புள்ளிவிவரப் புலிகளைத்தான் கேட்கிறேன்: 1992-க்கு முன் சவுத்தாம்ப்டன் அணிக்காக ஷியரர் அடித்த 23 லீக் கோல் யார் கணக்கில்? பிரீமியர் லீக் வருமுன் உச்சப் பிரிவாக இருந்த முதல் டிவிஷனில் கிரீவ்ஸ் அடித்தது 357. ஆறு பருவங்களில் கோல் வரிசையில் முதலிடம். இங்கிலாந்தின் உச்சப் பிரிவில் இன்றுவரை அதைத் தொட ஆளில்லை.

விலை என்றீர்களே, அதற்கு வருகிறேன். 1961-ல் செல்சி அணியிலிருந்து இத்தாலியின் மிலான் அணிக்குப் போனவருக்கு அங்கே ஆறு மாதம்கூட ஒட்டவில்லை. டிசம்பரில் லண்டன் அணியான டோட்டனத்தின் மேலாளர் பில் நிக்கல்சன் அவரை வாங்கியது 99,999 பவுண்டுக்கு. ‘லட்சம் பவுண்டு ஆள்’ என்ற பாரம் பையன் தலையில் ஏறக் கூடாதாம். சுத்தமான பாட்டா விலை! மீதி ஐந்து பைசாவைக் கேட்டு வாங்கிய வாடிக்கையாளர் உண்டா? கிரீவ்ஸ் அந்த மீதியைக் கோலாகவே கொடுத்தார். முதல் ஆட்டத்திலேயே பிளாக்பூலுக்கு எதிராக ஹாட்ரிக்.

அவர் பந்தை உதைத்தார் என்பதே தப்பு, வலைக்குள் அனுப்பிவைத்தார். கோல்கீப்பர் முன்னேறி வந்தால் அவசரப்பட மாட்டார். கீப்பர் ஒரு பக்கம் சாயட்டும் என்று காத்திருப்பார். உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தக் காலை உடனே நகர்த்த முடியாது. அதை ஒட்டி, பாதத்தின் உட்புறத்தால், தரையோடு ஒரு தள்ளு. நம் பிள்ளைகள் செய்வது நேர்மாறு: ஊன்றுகால் பந்துக்குப் பின்னால் தங்கிவிடும், உடம்பு மல்லாக்கச் சாயும், பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். கூட்டம் “ஆகா, என்ன வேகம்!” என்னும்.

1966 உலகக் கோப்பையில் பிரான்ஸ் ஆட்டத்தில் கிரீவ்ஸுக்கு முழங்காலுக்குக் கீழே கிழிந்து 14 தையல். அணியில் அவர் இடத்துக்கு வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் இறுதியாட்டத்தில் மூன்று கோல் போட்டார். அன்று இறங்கிய பதினோரு பேருக்குத்தான் பதக்கம்; கிரீவ்ஸுக்கு 2009-ல்தான் கொடுத்தார்கள்.

அந்த 1966-க்கு நான்கு வருஷம் முன்னால், சிலியில் நடந்த உலகக் கோப்பையில் பிரேசிலுடன் கால் இறுதி. மைதானத்துக்குள் தெருநாய் ஒன்று புகுந்து எல்லாருக்கும் தண்ணி காட்டியது. கிரீவ்ஸ் நாலுகாலில் தவழ்ந்துபோய் அதைப் பிடித்தார். அது அவர் சட்டையிலேயே சிறுநீர் கழித்தது. தடுப்பாட்டக்காரர்கள் எவருக்கும் பிடிபடாதவர் அதற்குத்தான் பிடிபட்டிருக்கிறார். இங்கிலாந்து 3-1 என்று தோற்றது. அதில் இரண்டு கோல் போட்ட பிரேசில்காரர் கர்ரிஞ்சா நாயையும் ஊருக்குக் கூட்டிப்போனார்.