அணி போன பிறகும் வாசித்த பேண்ட்

வணக்கம் சார்,

நாங்கள் பால்டிமோர் பக்கம் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நீலக் குதிரை லாடம் போட்ட வெள்ளைத் தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டார். ஒருநாள் பேச்சுக் கொடுக்கலாமே என்று, "நீங்கள் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் ரசிகரா?" என்று கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. "இது பால்டிமோர் கோல்ட்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் தேடிப் பார்த்தால், அந்த அமெரிக்க ஃபுட்பால் அணி 1984இலேயே ஊரை விட்டு இண்டியானாபோலிஸுக்குப் போயிருக்கிறது.

என் ஆபீஸில் ஒரு பையன் ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் டி-ஷர்ட் போட்டு வருகிறான். அந்த அணி போன பிறகு பிறந்தவன் அவன். இன்னொருவரிடம் பான் ஆம் விமானக் கம்பெனியின் பை இருக்கிறது. எல்லாமே லாபத்துக்காக நடந்த கம்பெனிகள்தானே சார்? லாபம் இல்லை, மூடினார்கள் அல்லது இடம் மாற்றினார்கள். இதற்கு இத்தனை வருடம் உருகவேண்டுமா? இந்த ஏக்கத்தையும் யாரோ விற்றுக் காசாக்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.கே., மேரிலாந்து

அன்புள்ள எஸ்.கே.,

நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். பான் ஆம் விமானங்கள் 1991 டிசம்பர் 4ஆம் தேதியோடு நின்றுபோயின. அதன் பெயரும் நீல உருண்டைச் சின்னமும் விற்பனைக்கு வந்து கைமாறின. கடைசியில் நியூ இங்கிலாந்துப் பக்கம் சரக்கு ரயில் ஓட்டிய கம்பெனி ஒன்று 2006இல் பான் ஆம் ரயில்வேஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. அங்கே பெயர் வெறும் சொத்துதான். வேலர்ஸ் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். 1997இல் ஹார்ட்ஃபோர்டை விட்டு வட கரோலினாவுக்குப் போய் கரோலினா ஹரிக்கேன்ஸ் ஆனார்கள். 2018 டிசம்பரில் அதே ஹரிக்கேன்ஸ் வீரர்கள் பழைய பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். அணியை எடுத்துப் போனவர்களே அதன் நினைவையும் விற்கிறார்கள் என்று நீங்கள் சொன்னால் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் ஆபீஸ் பையனைக் குறை சொல்லாதீர்கள். கீழே ஒரு டபிள்யூ, மேலே திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் நடுவே விட்ட வெற்றிடத்தில் ஒரு ஹெச் என்று வரைந்த அந்தச் சின்னம் உண்மையிலேயே அழகானது. அவனுக்குப் படம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியவரின் தொப்பியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு கதை.

கோல்ட்ஸ் என்ற பெயரில் பால்டிமோருக்கு முதல் ஃபுட்பால் அணி வந்தது 1947இல். கூடவே ஒரு பேண்ட் வாத்தியக் குழுவும் தொடங்கியது. நான்கு சீசன் ஆடிவிட்டு, 1950 முடிந்ததும் அணி கலைந்துபோனது. பேண்ட் கலையவில்லை. 1951லும் 1952லும் அணியே இல்லாத ஊரில் அந்த பேண்ட் இருந்தது. பிறகு அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லின் தலைவர் பெர்ட் பெல் ஒரு நிபந்தனை வைத்தார். ஆறு வாரத்துக்குள் 15,000 சீசன் டிக்கெட் விற்றுக் காட்டுங்கள், அணி தருகிறேன் என்றார். ஐந்து வாரம் ஆகும் முன்பே பால்டிமோர் விற்றுக் காட்டியது. இன்னும் யார் ஆடப்போகிறார்கள் என்றுகூடத் தெரியாத அணிக்கு ஊர் ஜனங்கள் முன்பணம் கட்டினார்கள். 1953இல் அணி வந்தது. பத்திரம் பணம் போட்ட முதலாளிகள் பெயரில்தான். ஆனால் அணியை வரவழைத்தது யார் என்பதை அந்த ஊர் மறக்கவில்லை.

இன்றைய வீரர்களின் சம்பளத்தை வைத்து அந்தக் காலத்தை நினைக்காதீர்கள். அணியின் பெரிய நட்சத்திரமான ஜானி யுனைட்டஸ் ஆட்டம் இல்லாத மாதங்களில் பெத்லஹேம் ஸ்டீலில் வேலை பார்த்தவர். ஸ்பாரோஸ் பாயிண்டில் இருந்த அந்த உருக்காலை ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது. ஞாயிற்றுக்கிழமை 33வது தெரு மெமோரியல் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து கத்தியவர்களில் ஆலைத் தொழிலாளிகள் நிறையப் பேர். அணி வீரர்களான ஜீனோ மார்ச்செட்டியும் ஆலன் அமீச்சியும் சேர்ந்து 1957இல் பக்கத்து டண்டாக்கில் ஒரு ஹாம்பர்கர் கடை தொடங்கினார்கள். மறு வருடம், 1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். நேரம் முடிந்தபோது இரு அணியும் சமம். கூடுதல் நேரத்தில் கடைசி ஒரு கெஜத்தைத் தாண்டி டச் டவுன் போட்டு 23-17 என்று ஜெயிக்கவைத்தவர் இந்த அமீச்சிதான். சனிக்கிழமை அவர் கடையில் பர்கர் சாப்பிட்டவன் மறுநாள் ஸ்டேடியத்தில் அவரைப் பார்த்துக் கைதட்டலாம். அந்தக் கடைதான் பிறகு ஜீனோஸ் என்று பல மாநிலங்களில் பரவியது. 1982இல் மேரியட் கம்பெனி அதை வாங்கி, கடைகளை ராய் ராஜர்ஸ் என்ற பெயருக்கு மாற்றியது. ஸ்பாரோஸ் பாயிண்ட் ஆலை 2012இல் நின்றது. ஸ்டேடியமும் இப்போது இல்லை. பெரியவருக்கு எத்தனை போயிருக்கிறது பாருங்கள். மிச்சம் அந்தத் தொப்பிதான்.

அணி போன விதமும் சாதாரணமானது இல்லை. 1984இல் உரிமையாளராக இருந்தவர் ராபர்ட் இர்சே. ஸ்டேடியம் பழசு, கூட்டமும் குறைந்துகொண்டே வந்தது. அவருடைய அந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை. இண்டியானாபோலிஸ் புத்தம்புது ஸ்டேடியத்தோடு அழைத்தது. மார்ச் கடைசியில் மேரிலாந்து செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. சாலை போட நிலம் எடுப்பதுபோல, இழப்பீடு கொடுத்து அணியையே நகரம் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா. அது முழுச் சட்டம் ஆவதற்குள், மார்ச் 28ஆம் தேதி இரவு, ஓவிங்ஸ் மில்ஸ் பயிற்சி வளாகத்துக்கு வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும் மேஃப்ளவர் கம்பெனியின் 15 லாரிகள் வந்து நின்றன. பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கவசம், பயிற்சிக் கருவி, ஆபீஸ் கோப்பு என்று எல்லாவற்றையும் ஏற்றினார்கள். போலீஸ் மறித்துவிடக் கூடாது என்று லாரிகள் வேறு வேறு வழியாகக் கிளம்பின. விடிந்தபோது ஊரில் அணி இல்லை. வீடு மாற்றுகிறவன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போவான். இது அப்படிக்கூட நடக்கவில்லை. உங்கள் பெரியவர் அப்போது நாற்பதுகளில் இருந்திருப்பார். அவருக்கு அந்தக் காலை நன்றாகவே நினைவிருக்கும்.

லாரிகள் கொண்டுபோகாதது பேண்டின் சீருடைகளை. அவை அன்றைக்கு டிரை கிளீனரிடம் இருந்தன. பேண்ட்காரர்கள் அவற்றை மீட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அதற்கப்புறம் 12 வருடம், அணி இல்லாமலே, பால்டிமோர் கோல்ட்ஸ் பேண்ட் என்ற பெயரிலேயே வாசித்தார்கள். ஊர்வலங்களில் வாசித்தார்கள், மற்ற ஊர் அணிகளின் ஆட்ட இடைவேளையில் போய் வாசித்தார்கள். புது ஸ்டேடியத்துக்குப் பணம் ஒதுக்குவது பற்றி 1987இல் சட்டசபையில் பேச்சு நடந்தபோது மாநிலத் தலைநகரான அன்னாபோலிஸ் போய், சட்டசபைக் கட்டடத்தின் படிகளில் நின்று வாசித்தார்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வந்தவர்கள் அவர்கள். இந்த ஏக்கத்தை யார் விற்றார்கள், எஸ்.கே.? யார் வாங்கினார்கள்?

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 1994இல் சி.எஃப்.எல். என்ற கனடா ஃபுட்பால் லீக்கைச் சேர்ந்த ஓர் அணி பால்டிமோரில் ஆட வந்தது. கோல்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். என்.எஃப்.எல்.லும் இண்டியானாபோலிஸ் அணியும் வழக்குப் போட்டன. அந்தப் பெயர் இண்டியானாபோலிஸோடு போய்விட்டது, இங்கேயும் வைத்தால் மக்கள் குழம்புவார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. அந்த சீசன் முழுக்க அணி பெயரில்லாமல் ஆடியது. ஸ்டேடியத்தில் அறிவிப்பாளர் "உங்கள் பால்டிமோர் சி.எஃப்.எல்." என்று சொல்லி நிறுத்துவார். மிச்சத்தைக் கூட்டம் ஒரே குரலில் கத்தும்: "கோல்ட்ஸ்!" சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஸ்டேடியத்தில் குழம்பிப்போனவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை.

1996இல் என்.எஃப்.எல். மறுபடியும் பால்டிமோருக்கு வந்தது. வந்த விதம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. கிளீவ்லண்ட் பிரௌன்ஸின் உரிமையாளர் ஆர்ட் மோடெல் தன் அணியைக் கிளப்பி இங்கே கொண்டுவந்தார். தனக்கு நேர்ந்தது இன்னோர் ஊருக்கு நேர்வதைப் பார்த்தும் பால்டிமோர் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கிளீவ்லண்ட் சும்மா விடவில்லை. வழக்குப் போட்டது, பெயரையும் நிறங்களையும் அணியின் பழைய வரலாற்றையும் ஊரிலேயே நிறுத்திக்கொண்டது. மோடெலோடு போனது வீரர்களும் ஊழியர்களும்தான். 1999இல் கிளீவ்லண்டில் புது அணி அதே பிரௌன்ஸ் என்ற பெயரில் ஆடத் தொடங்கியது. 2008இல் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணி சியாட்டிலை விட்டு ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோதும் பெயரும் நிறங்களும் சியாட்டிலுக்கே என்று ஒப்பந்தமானது. ஒரு பெயரில் ஊருக்கும் பங்கு உண்டு என்பது இப்படித்தான் காகிதத்தில் ஏறியது. நீங்கள் உருக்கம் என்று சொல்வதுதான் அந்த இரண்டு ஊர்களுக்கும் அதை வாங்கிக் கொடுத்தது. பால்டிமோருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1958 வெற்றி இன்றைக்கும் பதிவேட்டில் இண்டியானாபோலிஸ் அணியின் கணக்கில் இருக்கிறது. யுனைட்டஸ் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஒருநாள்கூட ஆடாத ஊரின் வரலாற்றில் தன்னைச் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை. 2002இல் இறக்கும்வரை பால்டிமோரின் புது அணியான ராவன்ஸ் ஆடும்போது மைதான ஓரத்தில் அவரைப் பார்க்க முடிந்தது.

அதனால் உங்கள் பெரியவர் கோபித்துக்கொண்டு உள்ளே போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவரிடம் இன்னொரு தடவை பேசுங்கள். இண்டியானாபோலிஸ் என்ற பேச்சே எடுக்காமல், 33வது தெருவுக்கு ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறீர்களா, எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு உடம்பு இடம் கொடுத்தால் ராவன்ஸ் ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த பேண்ட் 1998இலிருந்து ராவன்ஸின் பேண்ட். 2010இல் ராவன்ஸ் தங்கள் அணிப் பாட்டுக்குப் பழைய கோல்ட்ஸ் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள், வரிகளை மட்டும் மாற்றி. பெரியவர் எந்த வரிகளைப் பாடுகிறார் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.