கூட வேலை செய்பவர் ‘விருப்பம்’ என்று சொல்லி, விடாமல் பின்னால் வருகிறார். வேலையையும் விட முடியாது. என்ன செய்வது?

தங்கச்சி, நீங்கள் இன்னும் அவரிடம் நேராக ‘இல்லை’ என்று சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் நான்கு மாதம் சொல்லவில்லை.

2017இல் திருகோணமலை டவுனில் ஒரு லீசிங் கொம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தேன். அடுத்த மேசைக்காரர் முதலில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கி வைத்தார். பிறகு இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப். அப்புறம், நான் நிலாவெளி பஸ் ஏறும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கத் தொடங்கினார். நான் செய்ததெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை ‘அண்ணா’ போட்டதுதான். நம் ஊரில் அதுவே மறுப்புத்தானே, விளங்கிக்கொள்வார் என்று நம்பினேன். “அண்ணா எண்டு கூப்பிடாதீங்க” என்று சிரித்தார். ஒபிஸ் அக்காமாரும் “நல்ல பொடியன் தானே, ஏன் யோசிக்கிறீர்?” என்றார்கள்.

ஒருநாள் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் என் தம்பியைக் கண்டு, “அக்கா ஓம் எண்டுட்டா” என்று சொல்லியிருக்கிறார். அன்றிரவு அம்மா என்னோடு கதைக்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விடிந்ததும் எழுதினேன்: “எனக்கு விருப்பம் இல்லை. வேலை விஷயம் தவிர எதற்கும் மெசேஜ் போட வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கும் வர வேண்டாம்.” அதன் பிறகும் வந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்து, திகதி போட்டு, முகாமையாளருக்குக் கடிதமாகக் கொடுத்தேன். ஒரு பிரதியை என்னிடம் வைத்துக்கொண்டேன். வாயால் சொல்லியிருந்தால் ‘பார்ப்போம்’ என்பதோடு முடிந்திருக்கும்.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஒருவர் ஒருமுறை மரியாதையாக விருப்பத்தைக் கேட்பதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. என் கணவரும் அப்படிக் கேட்டவர்தான். மறுத்த பிறகும் விடாமல் வருவதைத்தான் சொல்கிறேன்.

மெசேஜ் நின்றது. ஆனால் “பொடியன்ர எதிர்காலம்” என்று சொல்லி, கிண்ணியாக் கிளைக்கு மாற்றியது என்னைத்தான். தினமும் இரண்டு பஸ். அந்த நிலாவெளிப் பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பொம்பிளைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று யாராவது வந்து பார்த்ததுண்டா? வந்தாலும் மிதிபலகை வரைக்கும் ஆட்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவர் அங்கே வந்து நிற்கத் துணிந்ததே நான் அவ்வளவு நேரம் தனியாக நின்றதால்தான்.

எனக்கு அப்போது யாரும் சொல்லாத ஒன்று: வார்த்தையால் செய்யும் பாலியல் தொந்தரவும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். 1995இல் திருத்திய பிரிவு அது, ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடலாம். பொலிஸ் வாசல் மிதிக்கப் பயமென்றால் முதலில் 1938க்கு அடியுங்கள், அது பெண்களுக்கான இலக்கம்.

சரி, அந்த மெசேஜை இன்றைக்கே எழுதுங்கள். அதில் ‘அண்ணா’ போட வேண்டாம்.