ஒன்பது லட்சம் கட்டினால் அமெரிக்க ரெசிடென்சி கிடைக்குமா?

கேள்வி: 2021-இல் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யில் ஸ்டெப் 1 பாஸ். ஸ்டெப் 2 சி.கே.யில் 243. அங்கே இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மேற்படிப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்க ஆசை. ஆனால் அமெரிக்க மருத்துவமனை அனுபவம் எதுவும் இல்லை. சென்னையில் ஒரு கன்சல்டன்சி 9 லட்சத்துக்கு பேக்கேஜ் சொல்கிறது. மூன்று மாத 'ஹேண்ட்ஸ்-ஆன் எக்ஸ்டர்ன்ஷிப்' (நோயாளிகளை நேரடியாகக் கையாளும் அனுபவம்), மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நான்கு ஆய்வுக் கட்டுரைகளில் பெயர், ஐந்து இன்டர்வியூ உறுதி. மேட்சில் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) இடம் கிடைக்காவிட்டால் அதற்கு வெளியே நேரடியாக சீட் வாங்கித் தருவார்களாம். முன்பணம் 50,000 கட்டிவிட்டேன். மீதிக்கு அப்பா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். கட்டலாமா? (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். இந்த பேக்கேஜில் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது ஒன்றுதான், அதை நீங்களே தேடிக்கொள்ளலாம். மற்றவற்றில் சில வீண் செலவு, சில உங்கள் விண்ணப்பத்தையே கெடுக்கக்கூடியவை.

முதலில் அந்த 'ஐந்து இன்டர்வியூ உறுதி'யைப் பார்ப்போம். விண்ணப்பம் ஈராஸ் என்ற இணைய அமைப்பு வழியாகத்தான் போகிறது. செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள், அதாவது ரெசிடென்சி பயிற்சி தரும் மருத்துவமனைகள், அதைத் திறக்கின்றன. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிவதால் முதலில் கம்ப்யூட்டரில் வடிகட்டுகிறார்கள்: ஸ்டெப் 2 மதிப்பெண், எத்தனையாவது முயற்சியில் பாஸ், பட்டம் வாங்கிய வருடம், விசா தேவையா. அதைத் தாண்டி வருவதைத்தான் மனிதர்கள் படிக்கிறார்கள். நான் அந்த மேஜையில் உட்கார்ந்து படிப்பவன். இதில் எந்த இடத்திலும் சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்சி நுழைய வாசல் இல்லை. அப்படி யாராவது உள்ளே ஆள் வைத்து இன்டர்வியூ விற்றால் அதற்குப் பெயர் லஞ்சம். பிடிபட்டால் அவர்கள் அடுத்த வருடம் வேறு பெயரில் கடை திறப்பார்கள். நீங்கள் திறக்க முடியாது.

அலுவலகச் சுவரில் மேட்ச் ஆனவர்களின் படங்களைக் காட்டியிருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம். மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி.யின் 2025 கணக்குப்படி, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில் 58 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அப்படியென்றால் நூறு பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் சுவரில் மாட்ட ஐம்பதுக்கு மேல் படங்கள் தேறும். அந்த 58-க்குள்ளும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இன்டர்வியூ முடித்து, தங்கள் விருப்பப் பட்டியலைச் சமர்ப்பித்தவர்களை வைத்துத்தான் அந்தச் சதவீதம். ஒரு இன்டர்வியூவும் வராமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அவர்களுடைய படத்தைக் கன்சல்டன்சியும் மாட்டுவதில்லை.

இனி 'ஹேண்ட்ஸ்-ஆன்'. பட்டம் வாங்கிய மருத்துவர் பி-1 அல்லது பி-2 என்ற குறுகிய காலப் பயண விசாவில் வந்து பார்க்கலாம், கேட்கலாம், கலந்து பேசலாம். நோயாளிக்குச் சிகிச்சை தரக்கூடாது. இதற்கு அப்சர்வர்ஷிப் என்று பெயர். அமெரிக்காவில் லைசென்ஸோ பயிற்சிக்கான அனுமதியோ இல்லாதவர் நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதினால் அது மாநிலச் சட்டப்படியும் சிக்கல். ஆகவே காசு கொடுத்த பட்டதாரிக்கு 'ஹேண்ட்ஸ்-ஆன்' என்று யாராவது விற்றால், ஒன்று அது வெறும் அப்சர்வர்ஷிப், இல்லையென்றால் சட்டத்துக்குப் புறம்பானது. விசா இன்டர்வியூவில் 'சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். பொய் சொல்லி விசா வாங்கியதாகத் தூதரகம் பதிவு செய்துவிட்டால் அமெரிக்காவுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரலாம். எதற்காகப் போகிறீர்களோ அதை, மருத்துவமனை கொடுத்த அழைப்புக் கடிதத்தோடு, அப்படியே சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை அந்தக் கன்சல்டன்சி உங்கள் கையில் கொடுப்பதாகச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கடிதம் எழுதும் மருத்துவர்தான் தன் கணக்கில் நுழைந்து ஈராஸில் ஏற்ற வேண்டும். 'இதை நான் படிக்க மாட்டேன்' என்று நீங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் நான்கு கடிதங்கள்தான் ஒதுக்க முடியும். ஏதோ ஒரு தனியார் கிளினிக்கில், மாதாமாதம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போடும் டாக்டரின் கடிதம் எங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்' என்று மூன்று பேருக்கு மூன்று கடிதம், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் பெண் மருத்துவரை 'அவன்' என்று எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தப் பெண்ணுக்குத் தன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

நான்கு கட்டுரைகளில் பெயர் என்பது இதைவிட மோசம். நீங்கள் பார்க்காத நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டில் ஆறாவது ஆசிரியராக உங்கள் பெயரைச் செருகுவார்கள். இன்டர்வியூவில் நாங்கள் தயாரித்துக் கேட்கும் கேள்வி எதுவும் இல்லை, 'இதில் உங்கள் பங்கு என்ன, சொல்லுங்கள்' என்பது மட்டும்தான். உண்மையாக வேலை செய்தவர் பத்து நிமிடம் ஆர்வமாகப் பேசுவார். பெயர் வாங்கியவர் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார். அதோடு அந்த விண்ணப்பம் முடிந்தது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். இதே ஆட்கள் டெலிகிராமில் 'ரீகால்ஸ்' என்று தேர்வுக் கேள்விகளை விற்பார்கள். ஸ்டெப் 3 எழுதும்போது உங்களிடமும் வரும். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய பல தேர்வர்களின் ஸ்டெப் மதிப்பெண்களை யு.எஸ்.எம்.எல்.இ. நிர்வாகம் செல்லாது என்று அறிவித்தது. ரெசிடென்சிக்குள் நுழைந்துவிட்டவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குழுக்களில் சும்மா எட்டிப் பார்க்கக்கூடச் சேராதீர்கள்.

சரி, 'மேட்சுக்கு வெளியே சீட்'. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பொய்யில் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் விற்கிறது. ஒரு காலத்தில் புரோகிராம்கள் வெளிநாட்டுப் பட்டதாரிகளோடு மேட்சுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டன, 'ப்ரீ-மேட்ச்' என்பார்கள். அந்தக் காலத்தில் வந்த சீனியர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 2013 மேட்சிலிருந்து 'ஆல் இன்' விதி வந்துவிட்டது. ஒரு புரோகிராம் மேட்சில் சேர்ந்தால் தன் எல்லா இடங்களையும் மேட்ச் வழியாகவே நிரப்ப வேண்டும், இல்லையென்றால் எல்லா இடங்களோடும் வெளியே நிற்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்பது கிடையாது. முழுக்க வெளியே நிற்கும் புரோகிராம்கள் உண்டு, ஆனால் அரிது. நடு வருடத்தில் ஒரு ரெசிடென்ட் விலகினால் காலியாகும் இடமும் உண்டு, அதைப் புரோகிராமே நேரடியாக நிரப்பலாம். மூன்றாவதாக, மார்ச் மூன்றாவது வாரத்தில் மேட்ச் முடிவு திங்கள்கிழமை தெரியும். இடம் கிடைக்காதவர்களுக்கு வியாழன் வரை 'சோப்' என்ற இரண்டாம் சுற்று நடக்கும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற இடங்களுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம், சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றில் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. அதைவிட முக்கியம், சோப் நடக்கும்போது புரோகிராம் முதலில் உங்களைத் தொடர்பு கொண்டால் ஒழிய நீங்கள் அவர்களைக் கூப்பிடக்கூடாது. உங்கள் சார்பில் வேறு யாரும் கூப்பிடவும் கூடாது. கன்சல்டன்சிக்காரர் அன்று உங்களுக்காக நான்கு இடத்துக்கு போன் போட்டால் அது உங்கள் பெயரில் விதிமீறலாகப் பதிவாகும். மேட்சிலிருந்தே சில வருடங்கள் தள்ளி வைக்கலாம். அவர் செய்த உதவிக்கு நீங்கள் தண்டனை அனுபவிப்பீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? உங்களுக்கு உண்மையில் தேவையானது ஒரு மாத, முடிந்தால் இரண்டு மாத அப்சர்வர்ஷிப். ரெசிடென்சி புரோகிராம் உள்ள மருத்துவமனையில், ரெசிடென்ட்களோடு ரவுண்ட்ஸ் போகும் இடத்தில். அங்கிருந்து உங்களை உண்மையாகப் பார்த்த ஒருவரின் ஒரே ஒரு கடிதம், வாங்கிய மூன்றை விட எடை அதிகம். சில மருத்துவமனைகள் தாங்களே கட்டணம் வாங்கிக்கொண்டு அப்சர்வர்ஷிப் தருகின்றன, அது நேர்மையானதுதான், மருத்துவமனையின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். இன்னொரு வழி உங்கள் கல்லூரி சீனியர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் படித்து அமெரிக்காவில் இருப்பவர்கள் ஏராளம். ஐந்து வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்த பேட்ச், ஸ்டெப் மதிப்பெண், எந்த மாதங்களில் வர முடியும், எந்தத் துறை. ஒரு பக்க சி.வி. இணைத்து அனுப்புங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான பார்வைக்கு' என்று இரண்டு பக்கம் வேண்டாம், டியூட்டியில் இருப்பவர் படிக்க மாட்டார். பத்துப் பேரில் எட்டுப் பேர் பதில் போட மாட்டார்கள். மனம் தளராமல் அடுத்த பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

243 என்பது தலைகுனிய வேண்டிய மதிப்பெண் அல்ல, பாஸ் மதிப்பெண் 218-ஐ விட நன்றாகவே மேலே இருக்கிறது. ஸ்டெப் 1 வெறும் பாஸ்-ஃபெயில் ஆன 2022-க்குப் பிறகு இந்த ஒரு எண் மீதே எல்லாப் பாரமும் விழுந்திருக்கிறது, அது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். டியூட்டி டாக்டராக இரவு முழுக்க ஐ.சி.யு.வைத் தனியாகச் சமாளிக்கிற ஒருவரை ஒரு எண்ணையும் ஒரு வருடத்தையும் வைத்துக் கம்ப்யூட்டர் தள்ளிவிடுகிறது. பல புரோகிராம்கள் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் என்று கோடு போட்டிருக்கின்றன, சில மூன்று. எனவே தள்ளிப்போடாதீர்கள். வேலையையும் விடாதீர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே உங்கள் பெரிய பலம்.

பணத்தை எங்கே செலவழிப்பது என்றால் ஈராஸில். முதல் 30 புரோகிராம்களுக்குத் தலா 11 டாலர், 31-ஆவதிலிருந்து தலா 30 டாலர். நூறு புரோகிராம் போட்டால் 2,430 டாலர், சுமார் இரண்டு லட்சம் ரூபாய். கன்சல்டன்சிகள் 250 போடு என்பார்கள், அது 6,930 டாலர். அதில் பாதி உங்களை வருடத்தாலோ விசாவாலோ முதல் நொடியிலேயே வடிகட்டும் புரோகிராம்களாக இருக்கும். ஒவ்வொரு புரோகிராமின் இணையதளத்தையும் நீங்களே திறந்து, ஜே-1 விசா (பயிற்சிக்கு வருபவர்களுக்கான விசா) தருகிறார்களா, வருடக் கோடு எவ்வளவு, இப்போதைய ரெசிடென்ட்களில் இந்தியாவில் படித்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துப் பட்டியல் போடுங்கள். 'உங்கள் புரோகிராமில் எனக்குத் தனி ஆர்வம்' என்று காட்ட இன்டர்னல் மெடிசினுக்குத் தரும் 15 சிக்னல்களை, மூன்று தங்கம், பன்னிரண்டு வெள்ளி, இந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கே கொடுங்கள். பெரிய பெயர்களுக்குக் கொடுத்து வீணாக்க வேண்டாம்.

விசா பற்றி ஒரே வார்த்தை: ஜே-1-ஐ மனதில் வைத்தே திட்டமிடுங்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. 'இந்திய அரசிடம் தடையில்லாச் சான்று வாங்கி அதை நீக்கித் தருகிறேன்' என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். பயிற்சிக்கு வரும் மருத்துவர்களுக்கு அந்த வழியையே அமெரிக்கச் சட்டம் அடைத்துவிட்டது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்து விலக்குப் பெறும் திட்டம்தான் பெரும்பாலானோர் போகும் பாதை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும், 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த பிறகு அதை நம்பி உட்காருவது சரியல்ல.

கடைசியாக, கட்டிவிட்ட 50,000. பணம் கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு வேலை இருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ் எதையாவது அவர்களிடம் கொடுத்திருந்தால், 'கல்லூரியில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லி முதலில் வாங்கிவிடுங்கள். ஈராஸ், இ.சி.எஃப்.எம்.ஜி. (வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் அமைப்பு) கணக்குகளின் பாஸ்வேர்டை அவர்களுக்குச் சொல்லியிருந்தால் இன்று இரவே மாற்றுங்கள், கணக்கில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். அப்புறம் 'இன்டர்வியூ உறுதி', 'நேரடி சீட்' என்று அவர்கள் எழுதிய வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டும்தான் இருக்கும். பிறகு பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.