இட்லி மாவுக்கு எதற்கு ‘குளூட்டன் ஃப்ரீ’ முத்திரை?

கோதுமையை விட்டவர்கள், விடப்போகிறவர்கள், விட்டுவிட்டு விழிப்பவர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இவர்களுடையவைதான். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். அரிசியில் கிடையாது, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை எதிலும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: கோதுமையை நிறுத்தி மூன்று மாதம். வயிற்று உப்புசம் பாதி குறைந்தது. ஆனால் இப்போது சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்டால் உப்புகிறது, பால் குடித்தால் கலக்குகிறது. 220 உணவுகளில் எதெது ஆகாது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை தள்ளுபடியில் 7,999 ரூபாய். எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

எடுக்காதீர்கள். அதில் பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை. அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு அது ரத்தத்தில் இருக்கத்தான் செய்யும். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை உங்களுக்கே விலைக்கு விற்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதை வைத்து உணவை முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லி வருடங்கள் ஆகின்றன. எனக்கு இது தெரிந்தது பணம் கட்டிய பிறகு. நாலு வருடம் முன்பு 6,500 ரூபாய் கொடுத்தேன். முருங்கைக்காய், பாசிப்பயறு உட்பட 31 பொருள்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, வழவழப்பான தாளில் பதினெட்டுப் பக்கம் வந்தது. இரண்டு வாரம் மோரும் சோறுமாகக் கிடந்தேன். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் முருங்கைக்காய் சாம்பார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் வயிறு சொல்வதைக் கவனியுங்கள். கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற ஒரு மாவுச்சத்து உண்டு. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகிறது. குளூட்டன் ஆகாது என்று தாங்களே முடிவு கட்டியிருந்த 59 பேருக்கு, எதில் எது என்று சொல்லாமல் குளூட்டன் கலந்தது, ஃப்ரக்டான் கலந்தது, எதுவும் கலக்காதது என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள் நார்வேயில். முடிவு 2018இல் வெளிவந்தது. வயிற்றை அதிகம் படுத்தியது ஃப்ரக்டான். குளூட்டனுக்கும் எதுவும் கலக்காததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாலில் இருப்பது லாக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. தயிர், மோர் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ஆனால் குடல் புண்பட்டிருந்தாலும் பால் செரிக்காது. அதனால் குடல் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். அவர் வாங்கும் கட்டணம் 7,999 இருக்காது.

கேள்வி: கோதுமையை விட்டு எட்டு மாதம் கழித்து சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எடுத்தேன். ‘நெகட்டிவ்’ என்று வந்தது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் இப்போது சொல்கிறார். லேபிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், திருப்பூர்

லேப் என்ன செய்யும்? குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்கிற நோய் சீலியாக். அந்தப் பரிசோதனை தேடுவது, கோதுமை உள்ளே போகும்போது உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளை. எட்டு மாதம் பட்டினி போட்டுவிட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அடுப்பை அணைத்துவிட்டுப் பால் பொங்கவில்லை என்கிற கதை. டாக்டர் சொல்கிறபடி சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப எடுங்கள். இனி விடப்போகிறவர்கள், முதலில் பரிசோதனை, அப்புறம் பத்தியம்.

கேள்வி: ‘குளூட்டன் ஃப்ரீ’ தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 90 ரூபாய் கூடுதல். வாங்கலாமா?
– வாசகி, தாம்பரம்

தேங்காயில் அது என்றைக்கு இருந்தது?

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்து சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். வீட்டில் தயாரிப்பதாகச் சொன்ன ஒருவரிடம் கேட்டு விசாரித்துத்தான் சத்துமாவு வாங்கினேன். பாக்கெட்டில் ‘100% குளூட்டன் ஃப்ரீ’ என்று இருந்தது. நாலாவது நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. திரும்பக் கேட்டதற்கு, ‘கொஞ்சம் சம்பா கோதுமையும் பார்லியும் போடுவோம், எல்லாம் இயற்கைதானே’ என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது.
– ஒரு தாய், திருச்சி

படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இந்த நோய் கோதுமை தின்கிற வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் மிகக் குறைவு. அதனால் விற்பவர்களுக்கு இது ஏதோ டயட் மோகம் என்று நினைப்பு. குழந்தையின் குடல் புண்ணாகும் என்று தெரியாது.

அந்த வாட்ஸ்அப் பதிலைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மிச்ச மாவைப் பாக்கெட்டோடு கட்டி எடுத்து வையுங்கள். பணம் அனுப்பிய ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் ஒரே உறையில். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற வார்த்தையையே போடக்கூடாது என்பது நம் நாட்டு விதி. இவர்கள் கோதுமையையே அரைத்துப் போட்டிருக்கிறார்கள்.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வாங்கிய பொருள் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. நீங்களே பணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் மாவைச் சோதிக்கவும் 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் ‘இதைச் சோதிக்கப்போகிறேன்’ என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாராவது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அப்படிச் சொல்லி இன்னொரு பாக்கெட் வாங்குங்கள். விற்க மறுத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு அவசியம் தெரிவியுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. உடம்புக்கு நல்லது என்று குளூட்டன் ஃப்ரீ பிரெட், பிஸ்கட்டுக்கு மாறினோம். மாதம் 3,000 செலவு. சர்க்கரை ஏறியிருக்கிறது, மலச்சிக்கல் வேறு. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?
– வாசகி, சேலம்

குளூட்டன் இல்லை என்றார்கள், இல்லை. சர்க்கரை ஏறாது என்று யார் சொன்னார்கள்? பாக்கெட்டைத் திருப்பியிருந்தால் மரவள்ளி ஸ்டார்ச், மக்காச்சோள ஸ்டார்ச், அரிசி மாவு, சர்க்கரை என்று வரிசையாக இருந்திருக்கும். நார்ச்சத்து எங்கிருந்து வரும்? நானும் ஒரு முறை அந்த பிரெட்டை 340 ரூபாய்க்கு வாங்கினேன். வெண்ணெய் தடவக் கத்தியை வைத்ததும் விபூதி மாதிரி உதிர்ந்தது.

கேள்வி: மகளுக்கு சீலியாக். வீட்டில் ஒரு வருடமாகக் கோதுமையே கிடையாது. சாம்பார், ரசம், தயிர் சாதம்தான். ஆனாலும் முழுசாகக் குணமாகவில்லை.
– வாசகர், ஈரோடு

பெருங்காய டப்பாவை எடுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் அதையும். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பிசினின் காரத்தை நேரடியாகத் தாங்க முடியாது என்பதால் கருவேலம் பிசின், மாவு என்று கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை மாவு. கட்டியாக இருந்தாலும் தூளாக இருந்தாலும் இதே கதை. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. எங்கள் தெருக் கடையில் நாலு டப்பாவைத் திருப்பிப் பார்த்ததில் ஒன்று தேறியது. அடுத்தது மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த கல்லில்தானே உங்கள் கேழ்வரகும் அரைபடுகிறது?

கேள்வி: ‘கேழ்வரகு நூடுல்ஸ்’ வாங்குகிறேன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாம்தானே?
– வாசகி, நாகர்கோவில்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தாலும் அறிவித்தது, கடையில் ஒரு வரிசை முழுக்கப் பழுப்பு நிறப் பாக்கெட்டுகள். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர், ஏர் உழுகிற விவசாயி, பாட்டி படம். பின்பக்கம் எறும்பு சைசில் ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்’. நம் பாஷையில் மைதா. எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. நான் போன வாரம் எடுத்துப் பார்த்த பாக்கெட்டில் மைதா முதலில், கேழ்வரகு இரண்டாவது, அதுவும் 20 சதவீதம். நிறம் வந்தது கேரமலில். பொய் என்று சொல்ல முடியாது, எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. படிக்க மாட்டோம் என்கிற நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம். ‘செமோலினா’ என்றால் ரவை, அதுவும் கோதுமைதான். ‘மால்ட்’ என்றால் பெரும்பாலும் பார்லி. பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ் வீட்’, அதாவது கோதுமை உண்டு என்று ஒரு வரி இருந்தால் அதற்கு மேல் படிக்கவே வேண்டாம், திருப்பி வைத்துவிடுங்கள். கேழ்வரகு வேண்டுமென்றால் கேழ்வரகையே வாங்குங்கள். களி கிண்டச் சோம்பலாக இருந்தால் அடை தட்டுங்கள், சேவையாகப் பிழியுங்கள்.

கேள்வி: ரவா தோசை சாப்பிடலாமா?
– வாசகர், புதுச்சேரி

ரவை எந்த மரத்தில் காய்க்கிறது என்று நினைத்தீர்கள்?

கேள்வி: ஆஃபரில் வாங்கிய குளூட்டன் ஃப்ரீ சப்பாத்தி மாவு ஐந்து கிலோ அப்படியே இருக்கிறது. சப்பாத்தி பிய்ந்துபோகிறது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

பாக்கெட் பிரிக்காதது இருந்தால் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். என்னிடமும் இரண்டு கிலோ இருந்தது. அரிசி மாவுதானே என்று கோலம் போட்டேன். அதில் பிசின் கலந்திருப்பது தண்ணீர் தெளித்த பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் பெருக்கியும் போகவில்லை.