ரிசீவரை வாங்குவதா, வளர்ப்பதா? – கடிதம்

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சிக்கு வந்து பல வருஷமாகிறது. ஆபீஸில் எல்லோரும் பேசுகிறார்களே என்று அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலே நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஆட்ட நேரத்தை வைத்துத்தான் நடக்கிறது. சாலரி கேப் (அணியின் சம்பளச் செலவுக்கு லீக் வைக்கும் வரம்பு) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் ஒரு சந்தேகம்.

2021-இல் ஜயன்ட்ஸ் இரண்டு வழியிலும் ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிக்கிற ஆள், தேடியது. மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் தீர்ந்த வீரர்களின் சந்தையில்) கென்னி கோலடேயை 4 வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஏப்ரலில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் கடேரியஸ் டோனியை எடுத்தது. இரண்டுமே உருப்படவில்லை. "டிராஃப்ட் லாட்டரிச் சீட்டு, காசு கொடுத்துத் தெரிந்த ஆளை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்" என்கிறார் ஆபீஸ் நண்பர். பள்ளியில் படிக்கும் என் மகன் "டிராஃப்ட்தான் ஒரே வழி" என்று சண்டை போடுகிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐபிஎல் ஏலம்தான். எது சரி?

ர.,
நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

நான் உங்கள் மகன் கட்சி. "ஒரே வழி" என்கிறானே, அதில் மட்டும் கொஞ்சம் தள்ளுபடி.

முதலில் ஐபிஎல்லை மறந்துவிடுங்கள். ஏலத்தில் கையில் பணம் இருக்கிறவரை யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்கலாம். என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டில் பணத்துக்கு வேலையே இல்லை. போன சீசனில் கடைசியில் நின்ற அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். இப்படி 32 அணிகள், 7 சுற்று. கல்லூரியிலிருந்து வரும் பையனுக்கு எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. சம்பளத்தில் பேரம் பேசவும் பெரிதாக இடமில்லை. 2011-இல் வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதற்கேற்ற சம்பளம், 4 வருஷத்துக்கு. முதல் சுற்று ஆள் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது வருஷமும் உண்டு. 3 சீசன் முடியாமல் புது ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மினசோட்டாவின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 2022-இல் பந்தைப் பிடித்து மொத்தம் 1,809 யார்டு தூரம் எடுத்து லீகிலேயே முதலிடத்தில் நின்றார். அப்போதும் அவர் வாங்கியது இந்தப் புதுமுகச் சம்பளம்தான். 4 வருஷத்துக்கு 14 கோடி டாலர் என்ற பெரிய ஒப்பந்தம் 2024-இல்தான் வந்தது. அதுவரை மிச்சமான பணம் முழுக்க அணியின் கையில். எல்லா அணிக்கும் செலவு வரம்பு ஒன்றே என்னும்போது, இந்த மிச்சத்துக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை. டிராஃப்ட் பக்கம் நான் சாய்வதற்கு முதல் காரணம் இது. திறமையைக் கண்டுபிடிப்பது, வளர்ப்பது என்ற உருக்கமான பேச்செல்லாம் அப்புறம்தான்.

இப்போது ஃப்ரீ ஏஜென்சி. மார்ச் மாதச் சந்தைக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். குறைந்தது 4 சீசன் ஆடி, ஒப்பந்தம் தீர்ந்தவர்கள். அவர்களில் பிரமாதமான ஆளைச் சொந்த அணி விடாது. ஒப்பந்தம் தீருமுன்பே புதிதாக ஒன்று போட்டுவிடும். அது படியாவிட்டால் ஃப்ராஞ்சைஸ் டேக் போட்டு இன்னொரு வருஷம் பிடித்துவைக்கும். அப்படிப் பிடித்துவைக்க வழி இருந்தும் விட்டுவிடுகிறார்கள் என்றால், தினமும் பயிற்சியில் அவரைப் பார்த்தவர்களுக்கு ஏதோ கணக்கு இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போனால் "ஏன் விற்கிறீங்க?" என்று கேட்போமே, அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்.

கோலடே விஷயத்தில் ஜயன்ட்ஸ் அதைச் சரியாகக் கேட்கவில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் 2017-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த ஆள் அவர். 2019-இல் 11 டச்டவுன் (எல்லைக்கோடு தாண்டிப் புள்ளி எடுக்கும்) கேட்ச், லீகிலேயே அதிகம். 2020-இல் இடுப்புக் காயம், ஆடியது 5 ஆட்டம். லயன்ஸ் டேக் போடவில்லை. ஜயன்ட்ஸோ 2019-ஐ நினைத்து விலை கொடுத்தது. இரண்டு சீசனில் கிடைத்தது 43 கேட்ச், 602 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். அந்த ஒன்றும் 2022 சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில். 2023 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள்.

அதே நேரத்தில் லயன்ஸ் பக்கம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. ஃப்ரீ ஏஜென்டை இழக்கும் அணிக்கு லீக் ஈடாக அடுத்த டிராஃப்டில் ஒரு கூடுதல் வாய்ப்பு தருவது வழக்கம். கோலடே போனதற்கு 2022-இல் 97-ஆவது தேர்வு கிடைத்தது. அதில் கெர்பி ஜோசஃப் என்ற சேஃப்டியை (பின்வரிசைத் தடுப்பாளரை) எடுத்தார்கள். அவர் 2024-இல் எதிரணி எறிந்த பந்தை 9 முறை பறித்து (இன்டர்செப்ஷன்) லீகில் முதலிடம். சரி, காலியான ரிசீவர் இடத்துக்கு? 2021 டிராஃப்டின் நான்காம் சுற்றில் 112-ஆவது ஆளாக அமோன்-ரா செயின்ட் பிரவுன். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். அந்தப் பதினாறு பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார் மனிதர். உங்கள் டோனியும் அதில் உண்டு. 2023-இல் செயின்ட் பிரவுன் 119 கேட்ச், 1,515 யார்டு. ஒரே ஆளை ஒரு அணி விட்டது, இன்னொன்று வாங்கியது. விட்டவர்கள் இரண்டு நட்சத்திரங்களோடு போனார்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் லாட்டரி வாதத்தைத் தள்ளிவிட மாட்டேன். 2020-இல் 21-ஆவதாக ஃபிலடெல்ஃபியா ஜேலன் ரேகரை எடுத்தது. 22-ஆவது ஆள்தான் ஜெஃபர்சன். 2019-இல் நியூ இங்கிலாந்து 32-ஆவதாக எடுத்தது என்'கீல் ஹாரியை. பின்னாளில் பெரிய ரிசீவர்களான டீபோ சாமுவேல், ஏ.ஜே. பிரவுன், டி.கே. மெட்காஃப் மூவரும் அதற்குப் பிறகு, இரண்டாம் சுற்றில் போனார்கள். டெட்ராய்ட்டே 2003, 2004, 2005 என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பத்துக்குள் ரிசீவர் எடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்ட அணிதான். ஆனால் இந்தப் பட்டியலை எனக்கு வேறு மாதிரி படிக்கத் தோன்றுகிறது. நல்ல ரிசீவர் முதல் சுற்றிலும் கிடைக்கிறார், நான்காம் சுற்றிலும் கிடைக்கிறார். கல்லூரிகளில் இப்போது ஆட்டமே பந்தை எறியும் பாஸை நம்பித்தான், அதனால் வருஷாவருஷம் வரத்துக்குக் குறைவில்லை. அப்படியிருக்க, ஒரு உயர்ந்த தேர்வை ஒருவர் மேல் கட்டிவிட்டுக் காத்திருப்பது ஏன்? இரண்டு வருஷத்துக்கு ஒருவர் என்று நடுச் சுற்றுகளில் எடுத்துக்கொண்டே இருந்தால், இரண்டு பேர் சொதப்பினாலும் தாங்கும்.

2021 டிராஃப்டின் முதல் இரவு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜயன்ட்ஸின் முறை 11-ஆவது. அலபாமா பல்கலைக்கழகத்தின் டெவான்டா ஸ்மித், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கியவர், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறார். 12-ஆவது இடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா, 10-ஆவது இடத்தில் இருந்த டாலஸுக்கு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கூடுதலாகக் கொடுத்து இடம் மாறி, ஸ்மித்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றுமே ஒரே பிரிவு அணிகள்! ஜயன்ட்ஸ் கைக்கு எட்டவிடாமல் செய்ய டாலஸும் ஒத்துழைத்தது. ஜயன்ட்ஸ் சிகாகோவோடு பேசி 20-க்கு இறங்கியது. இறங்கியதில் எனக்குக் குறையில்லை, ஈடாக அடுத்த வருஷ முதல் சுற்றுத் தேர்வு வந்தது. ஆனால் இறங்கிய கையோடு, ரிசீவர் வேண்டும் என்று வந்ததற்கு ஒரு ரிசீவர் என்பது போல டோனியை எடுத்தார்கள். அதே டிராஃப்டில், பின்னாளில் பெயர் வாங்கிய ரிசீவர் நீகோ காலின்ஸ் 89-இல்தான் போனார்.

நடுச் சுற்று வழியைப் பிடிவாதமாகச் செய்த அணி கிரீன் பே. 2002-இல் ஜேவன் வாக்கர், அதற்குப் பிறகு 2025-இல் மேத்யூ கோல்டன். இடையில் முதல் சுற்றில் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், டவான்டே ஆடம்ஸ் எல்லோரும் இரண்டாம் சுற்று. 2022-இல் ஆடம்ஸை டிரேடில் (டிராஃப்ட் தேர்வுகளுக்கு ஈடாக வேறு அணிக்கு) அனுப்பிவிட்டு மறுபடியும் அதே வேலை: அந்த வருஷம் வாட்சன், டௌப்ஸ், அடுத்த வருஷம் ரீட், விக்ஸ். முதல் வருஷம் 8 வெற்றி, 9 தோல்வி என்று முடிந்து பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷ முடிவில் பிளேஆஃபில் டாலஸ் அணியை அதன் ஊருக்கே போய் 48-32 என்று அடித்தார்கள்.

உங்கள் நண்பரும் மகனும் சொல்லாத மூன்றாவது வழி டிரேட். 2022 டிராஃப்ட் அன்று டென்னசி, ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து 18-ஆவது தேர்வும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் வாங்கியது. ஃபிலடெல்ஃபியா உடனே 4 வருஷம், 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அவருக்கு அப்போது வயது 24. சந்தைக்கு வருமுன், காயமும் வயதும் சேருமுன் வாங்கிவிட்டார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அன்றைக்கு இரண்டாம் சுற்றுப் புதுமுகச் சம்பளத்தில் ஆடிக்கொண்டிருந்ததால் பணமும் இருந்தது. டிசம்பரில் டென்னசி வந்து ஆடியபோது பிரவுன் 2 டச்டவுன் எடுத்தார். இரண்டு நாளில் டென்னசியின் ஜெனரல் மேனேஜர் வேலை போயிற்று. ரேகரில் கையைச் சுட்டுக்கொண்ட அதே ஃபிலடெல்ஃபியாதான் இது!

அப்படியென்றால் ஃப்ரீ ஏஜென்சியே வேண்டாமா? அப்படிச் சொன்னால் உங்கள் அணியின் வரலாறே என்னை மறுக்கும். 2005-இல் ஜயன்ட்ஸ் பிட்ஸ்பர்கிலிருந்து வந்த பிளாக்சிகோ பரஸை 6 வருஷத்துக்கு 2.5 கோடி டாலருக்கு எடுத்தது. குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு அது இரண்டாம் வருஷம். மறுபக்கம் டிராஃப்டில் எடுத்து வளர்த்த அமானி டூமர் ஏற்கெனவே இருந்தார். கூட்டத்தில் இல்லாதது உயரம் மட்டும்தான், பரஸ் 6 அடி 5 அங்குலம்.

2008 பிப்ரவரி சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் கடைசி நிமிஷங்களை யூடியூபில் மறுபடி போட்டுப் பாருங்கள். எதிரே அதுவரை தோற்காத நியூ இங்கிலாந்து. மேனிங்கின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், அவர் நழுவி வெளியே வந்து தூக்கி எறிகிறார், டேவிட் டைரி ஒரு கையால் பந்தை ஹெல்மெட்டோடு அழுத்திக்கொண்டே விழுகிறார். 32 யார்டு. டைரி 2003-இன் ஆறாம் சுற்று ஆள், அந்த சீசன் லீக் ஆட்டங்கள் முழுவதிலும் அவர் எடுத்தது 4 கேட்ச். அடுத்து ஒரு சறுக்கல், ஒரு தவறிய பாஸ். பிறகு 11 யார்டு தேவைப்பட்ட இடத்தில் ஸ்டீவ் ஸ்மித், அந்த வருஷம்தான் இரண்டாம் சுற்றில் வந்த பையன், 12 யார்டு எடுத்துத் தருகிறார். அடுத்த பந்தில் பரஸ் உள்ளே திரும்புவது போலக் காட்டிவிட்டு வெளியே ஓடுகிறார், காவலுக்கு நின்ற எலிஸ் ஹாப்ஸ் ஏமாந்து நிற்கிறார், டச்டவுன், மிச்சம் 35 விநாடி. ஆறாம் சுற்று, இரண்டாம் சுற்று, ஃப்ரீ ஏஜென்ட், மூவரும் ஒரே ஓட்டத்தில் வந்துவிட்டார்கள். இருக்கிற கூட்டத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வாங்கினால் இப்படி நடக்கும். கோலடேயிடம் கேட்டதோ முழுக் கூட்டத்தின் வேலையை.

நான்கு வருஷம் கழித்து வந்த அடுத்த கோப்பையில் முக்கியமான ரிசீவர்கள் மூவருமே வீட்டுப் பிள்ளைகள்: முதல் சுற்று ஹக்கீம் நிக்ஸ், மூன்றாம் சுற்று மேனிங்ஹாம், யாருமே எடுக்காத விக்டர் குரூஸ். குரூஸ் உங்கள் பக்கத்து பேட்டர்சன் ஊர்க்காரர்தான். 2011-இல் 1,536 யார்டு எடுத்து கிளப் சாதனை படைத்தார். மகனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

ஒன்றே ஒன்று அவனுக்குப் பிடிக்காமல் போகலாம். டிராஃப்டில் ஜெயித்தவர்களுக்கும் ஒருநாள் பில் வரும். சின்சினாட்டி ஜமார் சேஸ், டீ ஹிக்கின்ஸ் இருவரையும் தானே எடுத்து வளர்த்தது. 2025 மார்ச்சில் சேஸுக்கு 4 வருஷம் 16.1 கோடி, ஹிக்கின்ஸுக்கு 4 வருஷம் 11.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அதற்கு முந்தைய சீசனில் சேஸ் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் முதலிடம், அணியோ 9-8 என்று முடிந்து பிளேஆஃபுக்கே போகவில்லை. தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்தது. நானாக இருந்தால் ஹிக்கின்ஸை ஒரு வருஷம் முன்பே டிரேடில் கொடுத்திருப்பேன்.

ஜயன்ட்ஸுக்கும் அந்த நாள் வரும். 2024-இல் 6-ஆவதாக எடுத்த மாலிக் நேபர்ஸ் முதல் சீசனிலேயே 109 கேட்ச், 1,204 யார்டு. 2026 சீசன் முடிந்ததும் அவரோடு புது ஒப்பந்தம் பேசலாம். அதற்குள் இரண்டாம், மூன்றாம் சுற்றில் இன்னும் இரண்டு பேரை எடுத்து ஆட வைத்திருந்தால் பேரத்தில் பதற்றம் இருக்காது. மார்ச்சில் பெரிய பெயர் வந்த செய்தியைவிட ஏப்ரலில் 70-ஆவது, 80-ஆவது தேர்வில் யாரை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்